வேலை செய்யாத இடது பட்டன்

மார்ச் 3

அன்புள்ள வாலு,

இன்று காலை ஆய்வகத்தில் விளக்கைப் போட்டதும் நான் முதலில் செய்த காரியம், அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த உன் படத்தைக் கழற்றியதுதான். மைக்ரோஸ்கோப்பின் உறையைக்கூட அதற்கு அப்புறம்தான் எடுத்தேன்.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் பாதியில் வைத்துவிடுகிறோம். போன மாதம் நீ வைத்தாய். அதற்கு முந்தைய தடவை நான். அதனால்தான் கடிதம். முடிக்கும்வரை இதில் யாரும் குறுக்கே பேச முடியாது.

படம் நேற்றைய பேப்பரில் வந்தது, அரைப் பக்கத்துக்கு. பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் கன்ட்ரோலரோடு, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாய். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தது, அந்த மருத்துவமனை மூடப்பட்டதும் வேறு வேலை தேடாமல் வீட்டிலேயே வீடியோ கேம் ஆட ஆரம்பித்தது, அதை ஐம்பதாயிரம் பேர் நேரலையில் பார்ப்பது, அந்த வருமானத்திலேயே நீ வாழ்வது என்று எல்லாவற்றையும் மலை ஏறிக் கொடி நட்டவளைப் பற்றி எழுதுவதுபோல எழுதியிருக்கிறார்கள்.

அதைப் பலகையில் குத்தி வைத்தவள் எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் பெண். தினமும் பஸ்ஸில் போனிலே உன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் வருவாளாம். நேற்று சாப்பாட்டு நேரத்தில் அதுதான் பேச்சு. எங்கள் டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இதெல்லாம் ஒரு பொழப்பாம்மா? நாளைக்கு மூணு சீட்டுக்காரன் படத்தையும் போடுவாங்க."

"அவங்க யாரையும் ஏமாத்தலையே டாக்டர்" என்றாள் அந்தப் பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். நீ என் தங்கை என்று அங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் குடியிருப்பில் கேட்டவர்களிடம், நீ ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்தான். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வருவதில்லை.

உன் ஆட்டத்தை நான் ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை, பார்க்கும் ஆசையும் இல்லை. பேப்பரில் ஒரு வரிதான் உறுத்துகிறது. 'சுரங்கம்' என்ற அந்தப் பழைய விளையாட்டின் ஒன்பதாவது தளத்தில், இடது பக்கம் திரும்ப வேண்டிய மூலையில், நீ வலது பக்கமே மூன்று முறை திரும்பிச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறாயாம். உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத உத்தியாம். 'வாலு திருப்பம்' என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்களாம்.

அந்த விளையாட்டுப் பெட்டியை அப்பா வாங்கிக் கொடுத்தது நான் வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு. கூட வந்த இரண்டு கன்ட்ரோலரில் ஒன்றில் இடது பட்டன் ஒரே மாதத்தில் செத்துப்போனது. நீ அழுதாய். நல்லது உனக்குப் போனது, செத்தது எனக்கு வந்தது. இடது பக்கம் திரும்ப வழியில்லாததால் மூன்று முறை வலது பக்கம் திரும்பப் பழகியவள் நான். அப்படிப் பழகும்போது தலையில் விளக்கு வைத்த அந்தக் குட்டி மனிதன் ஒரு நாள் சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனதைப் பார்த்தவளும் நான்.

உனக்குத் தேவையே இல்லாத திருப்பம் அது. உன் கையில் இருந்தது நல்ல பட்டன்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

பேப்பர்காரர் கேட்டபோது, "இது எங்க அக்கா கண்டுபிடிச்சதுங்க"ன்னுதான் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். அச்சில் வரவில்லை. போன மாதம் நான் எதற்காகப் போன் செய்தேன் என்று நினைக்கிறாய்? உன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்கத்தான். வாயைத் திறப்பதற்குள், "கணக்கு எழுதுற தங்கச்சியே எனக்குப் போதும்"னு நீ சொல்லிவிட்டாய். பட்டென்று வைத்துவிட்டேன். அதற்கு அப்புறம் யார் பெயரை யாரிடம் போய்ச் சொல்வது?

கழற்றிய படத்தை என்ன செய்தாய்? குப்பையில் போட்டாயா? நல்ல படம் அக்கா, என் இரட்டைத் தாடை அதில் ஒன்றாகத்தான் தெரிகிறது.

நான் காலை ஐந்தரைக்கு எழுந்து, சாப்பாட்டு மேஜையை ஒதுக்கி, ஆறு மணிக்கு உட்காருகிறேன். ஒன்பது வரை ஆட்டம். அந்த மூன்று மணி நேரமும் சும்மா ஆடினால் போதாது, பேசிக்கொண்டே ஆட வேண்டும். வாயை மூடினால் கூட்டம் கலைந்துவிடும். வரவேற்பு மேஜையில் பதினொரு வருஷம் பல்வலிக்காரர்களிடம் பேசியதுதான் இப்போது சோறு போடுகிறது. இதுவும் பல்வலிக் கூட்டம்தான். யாராவது ஒருத்தர் சுள்ளென்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

அதில் 'சில்லு' என்ற பெயரில் வருகிற ஆள் ஒருத்தர். நாலு மாதமாக ஒரு நாள் தவறாமல் ஆறே காலுக்கு ஆஜர். குத்திவிட்டுப் போனால்தான் அவருக்குப் பொழுது விடியும் போலிருக்கிறது. 'விரல் நுனியில் பிழைப்பு, மூளைக்கு விடுமுறை' என்று ஒரு நாள். 'நாற்பதுக்கு மேல் வெட்கம் எங்கே போகும்?' என்று இன்னொரு நாள். மற்றவர்கள் திட்டினால் சிரித்துவிடுவேன். இவர் நல்ல தமிழில் திட்டுகிறார், அதுதான் தைக்கிறது.

இப்போது விஷயம். சுரங்கம் ஆட்டத்தின் இறுதிப் போட்டி 29ஆம் தேதி, சனிக்கிழமை, உங்கள் ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய அரங்கத்தில். மேடையில் நாங்கள் நாலு பேர். காலையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சுற்று உண்டு. யார் வேண்டுமானாலும் அங்கேயே பெயர் கொடுத்து ஆடலாம். அதில் முதலாவதாக வருகிறவருக்கு மாலையில் எங்களோடு ஐந்தாவது நாற்காலி.

வெள்ளிக்கிழமை வந்து உன் வீட்டில் தங்கட்டுமா? கணக்கு எழுதுகிறவளாகவே வருகிறேன். உங்கள் குடியிருப்பில் யாரிடமும் உளறமாட்டேன்.

வாலு


மார்ச் 12

வாலு,

29ஆம் தேதி சமயத்தில் அத்தானின் நண்பர் குடும்பத்தோடு வந்து தங்குகிறார். இடம் இருக்காது. வருத்தம்தான்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குச் சரியாகத் தெரியுமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, லென்ஸுக்கு அடியில் வைப்பேன். வெள்ளை அணுக்களில் ஐந்து வகை உண்டு. பக்கத்தில் ஒரு சின்னக் கருவி, அதில் ஐந்து பட்டன். கண் லென்ஸில் இருக்கும், விரல் பட்டனில். எந்த வகை கண்ணில் படுகிறதோ அதற்குரிய பட்டனை அழுத்த வேண்டும். நூறு அணு ஆனதும் மணி அடிக்கும். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறேன். ஒரு வகையை இன்னொன்றாக எண்ணிவிட்டால், யாரோ ஒருவர் தப்பான மருந்தை விழுங்குவார். நீ தப்பு செய்தால் ஒரு பொம்மையின் தலையில் விளக்கு அணையும். இரண்டும் ஒன்று என்று என்னால் சொல்ல முடியாது. டாக்டர் சொன்னதில் மூணு சீட்டுக்காரனை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அந்தச் சில்லு சொல்வதையும் முழுதாகத் தள்ளிவிடாதே. கத்துகிற ரசிகர்களைவிட அப்படி ஒருத்தர் நல்லது. பேச்சில் கவனம் போகும்போது உன் இடது கை பதறுகிறது. அதை எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும் அல்லவா?

உன் படத்தைக் குப்பையில் போடவில்லை. கோட்டுப் பையில் இருக்கிறது.

அக்கா


மார்ச் 16

அக்கா,

ஒரு நிமிஷம்கூடப் பார்க்காதவளுக்கு என் இடது கை பதறுவது எப்படித் தெரியும்?

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. எனக்கு வெள்ளிக்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது.

ஒன்பதாவது தளம். அந்தத் திருப்பத்தில் நாலாவது தடவையாகச் சுவரில் முட்டிக்கொண்டேன். எப்போதுமே எனக்கு அது பாதிக்குப் பாதிதான் பலிக்கும். ஏன் என்று தெரியாது. சின்ன வயதில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். உனக்கு மட்டும் ஒரு தடவைகூடத் தப்பாதது ஞாபகம் இருக்கிறது. கூட்டம் சிரிக்கிறது, நானும் கூடச் சிரிக்கிறேன். அப்போது சில்லு எழுதினார்: 'மூன்றாவது திருப்பத்துக்கு முன்னால் அரை அடி பின்வாங்கு. எத்தனை தடவை சொல்வது?'

அந்த ஆள் அதை அதற்கு முன்னால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை அக்கா. எனக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது முதல் தடவையிலேயே "எத்தனை தடவை சொல்றது"ன்னு ஆரம்பிக்கிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். யோசிக்காமல் எட்டு வயசுக்காரி மாதிரி கீழ்ப்படிந்தேன். விளக்கு சுவருக்குள் போனது, அந்தப் பக்கம் வந்தது. கூட்டம் குதிக்கிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தப்பாக ஆடுவதைப் பார்க்க உனக்குப் பொறுக்காது. அதில் மாட்டிக்கொண்டாய்.

வெட்கம் எங்கே போகும் என்று நீ எழுதிய அன்றைக்குக் கேமராவை அணைத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாத யாரோ எழுதியதற்கே அப்படி. அது நீ என்று இப்போது தெரிந்ததும் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, அக்கா தினமும் பார்க்கிறாள் என்று. அப்புறம்தான் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

உன் வேலையும் என் வேலையும் ஒன்று என்று நான் எப்போது சொன்னேன்? உன் ஐந்து பட்டன் உயிரைக் காக்கிறது. என் நாலு பட்டனால் யாருக்கும் ஒரு தும்மல்கூட நிற்கப்போவதில்லை. அதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் யாரையும் கெடுக்காமல், யார் கையையும் எதிர்பார்க்காமல், ஒன்றைச் சுத்தமாகச் செய்து சாப்பிடுகிறேன். அது கௌரவத்துக்குப் போதாதா என்று உன்னிடம் வாதாட நான் வரவில்லை. என் வேலை கீழே இருந்தால்தான் உன் வேலை மேலே இருக்கும் என்று உனக்கு ஏன் தோன்றுகிறது? அதை மட்டும் சொல்.

வாலு


மார்ச் 20

வாலு,

அத்தானின் நண்பர் யாரும் வரவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில்லு நான்தான். காலை ஆறு மணிக்கு ஆய்வகத்தைத் திறப்பது என் முறை. மெஷின் சூடேறக் கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் போனை மைக்ரோஸ்கோப்பில் சாய்த்து வைத்து உன்னைப் பார்ப்பேன். பார்த்து முடித்ததும் ஏதாவது எழுதாமல் இருக்க முடியாது. எழுதிய பிறகு கை கழுவுவேன். வேலைக்காகத்தான் கழுவுகிறேன் என்று வைத்துக்கொள்.

இரண்டு வருஷமாக எண்ணிக்கையை மெஷின்தான் செய்கிறது. போன கடிதத்தில் இதை நான் எழுதவில்லை. ஐந்து பட்டன் கருவி மேஜையில்தான் இருக்கிறது, ஆனால் மெஷினுக்குச் சந்தேகம் வருகிற ஸ்லைடுகள் மட்டுமே என்னிடம் வரும். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு. என் கண்ணும் விரலும் இவ்வளவு வேகம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அறிக்கையில் டாக்டர் கையெழுத்துப் போடுகிறார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் எண்ணுவதை நின்று பார்த்தவர் ஒருவரும் கிடையாது.

உன்னை ஐம்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். என் மகள் விடுதியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறாள். அதில் பாதி நேரம் சித்தி பேச்சுதான். சித்தியின் மருமகள்... இல்லை, அக்கா மகள் என்று சொல்லிக்கொண்டுதான் அவள் அங்கே நாலு சிநேகிதிகளைப் பிடித்திருக்கிறாள். பார், அவசரத்தில் உறவே எனக்குத் தப்பாக வருகிறது. வயிறு எரியும்போது எழுதினால் இப்படித்தான். ஆமாம், பொறாமை. இந்தச் சொல்லை எழுத எனக்கு இரண்டு தாள் வீணானது.

அப்பா அந்தப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்காது. "இனிமே இது சின்னவளுக்கு. நீ படிக்கிற பொண்ணு" என்றார். தண்டனையாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பெருமையோடுதான் கொடுத்தேன். அந்தப் பெருமையை இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். விளையாட்டு கேவலமானது என்று நான் நம்பினால்தான் அன்றைக்கு அதைக் கொடுத்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும். இப்போது நீ அதே பெட்டியை வைத்துக்கொண்டு வாடகை கட்டுகிறாய். உன் கேள்விக்குப் பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த அரை அடி விஷயத்தைச் சின்ன வயதிலேயே வேண்டுமென்றுதான் உன்னிடம் மறைத்தேன். நல்ல பட்டன் உன்னிடம் இருந்தது. இதாவது எனக்கு இருக்கட்டும் என்று, அந்த இடம் வரும்போதெல்லாம் என் கட்டை விரலை இன்னொரு கையால் மூடிக்கொள்வேன்.

எழுதியதற்கெல்லாம் மன்னித்துக்கொள். இனி மறைக்க ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை வா.

அக்கா


மார்ச் 24

அக்கா,

அரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. போட்டிக்கு முந்தின நாள் உன் வீட்டில் தங்கினால் அழுதுவிடுவேன், விரல் நடுங்கும்.

அரை அடி பின்வாங்கியும் பத்துக்கு இரண்டு தடவை முட்டத்தான் செய்கிறது. மறைக்க ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியும், இன்னும் ஏதோ ஒன்று இருக்கிறது. இருந்தால் சொல்லாதே. உன்னிடமே இருக்கட்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன். எனக்கு எட்டு போதும்.

இதோடு வரும் பார்சலில் இருப்பதைப் பார். வீடு மாறும்போதெல்லாம் தூக்கிப் போட நினைப்பேன், மனசு வராது. அது உன்னுடையது.

சனிக்கிழமை வந்தால் வா. மூன்றாவது வரிசையில் ஒரு இருக்கை உன் பெயரில் சொல்லி வைத்திருக்கிறேன். 'உறவு' என்று கேட்டார்கள். காலியாக விட்டிருக்கிறேன். நீயே நிரப்பிக்கொள்.

வாலு


மார்ச் 28

வாலு,

இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. ஆனாலும் கடிதமாகத்தான் யோசிக்க வருகிறது.

இன்று காலை படத்தைத் திரும்பப் பலகையில் குத்தினேன். ரத்தம் எடுக்கும் பெண் வந்து பார்த்துவிட்டு, "எங்க மேடம் கிடைச்சுது?" என்றாள். மேஜைக்கு அடியில் விழுந்து கிடந்தது என்றேன். தங்கை என்று சொல்ல வாய் எடுத்தேன். டாக்டர் உள்ளே வந்தார், ஸ்லைடை எடுத்துக்கொண்டேன். என் தைரியம் அவ்வளவுதான். நாளைக்கு விடுமுறை மட்டும் கேட்டு வாங்கினேன். காரணம் சொல்லவில்லை.

பார்சலைப் புதன்கிழமை பிரித்தேன். உள்ளே என் பழைய கன்ட்ரோலர், அந்தச் செத்த பட்டன் இன்னும் செத்தே இருக்கிறது. பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. கையில் எடுத்ததும் கட்டை விரல் தானாகவே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது.

நீ சொன்னது சரி, இன்னொன்று இருக்கிறது. வலது பட்டனிலிருந்து பின்வாங்கும் பட்டனுக்குப் போகும்போது எல்லோரும் விரலைத் தூக்கி வைப்பார்கள். தூக்கக் கூடாது. உருட்ட வேண்டும். விரலின் சதை இரண்டு பட்டனிலும் ஒரே சமயத்தில் ஒரு கணம் படுத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பத்துக்குப் பத்து. மன்னிப்புக் கேட்ட அதே கடிதத்தில் இதை உன்னிடம் மறைத்தேன். எழுதும்போதே தெரிந்துதான் மறைத்தேன்.

இருக்கட்டும் என்று நீ விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தத் தடவையும் நல்ல பட்டன் உன்னிடம் இருக்கிறது. செத்ததை எனக்கு அனுப்பிவிட்டு எட்டு போதும் என்கிறாய். எனக்குப் போதாது.

பதினொரு நாளாக மகளின் அறையைச் சுத்தம் செய்வதாக அத்தானிடம் சொல்லிக்கொண்டு, அவளுடைய பழைய விளையாட்டுப் பெட்டியில் சுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறேன். "அப்படி என்ன குப்பை அந்த ரூம்ல?" என்று நேற்றுக் கேட்டார். அவளுடைய கன்ட்ரோலரில் எல்லாப் பட்டனும் வேலை செய்கிறது. இடது பட்டன்மேல் மட்டும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். முதல் எட்டுத் தளங்களில் உன்னைவிட மெதுவாகத்தான் போகிறேன். ஒன்பதாவதில் எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறேன். நேற்று நான் ஆடி முடித்த நேரம் உன்னுடைய சிறந்த நேரத்தைவிட இரண்டு விநாடி குறைவு. திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு விநாடிதான். இப்படி ஒரு சந்தோஷம் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது.

நேற்று வேலை முடிந்து அரங்கத்துக்குப் போய்ப் பொதுச் சுற்றுக்கான படிவத்தை வாங்கி வந்தேன். கவுன்டரில் இருந்தவர், "பிள்ளைக்காங்க?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டேன். பெயர் என்ற இடத்தில் 'சில்லு' என்று எழுதியிருக்கிறேன். தொழில் என்ற இடத்தில் ரத்தப் பரிசோதகர். கோட்டுப் பையில், உன் படம் இருந்த இடத்தில் அந்தப் படிவம் இருக்கிறது. அத்தானுக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது. நாளைக்குக் காலை எட்டு மணிக்குக் கொடுப்பேன்.

மூன்றாவது வரிசை இருக்கை காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து நீ வருத்தப்படுவாய், கொஞ்ச நேரம் படு. பொதுச் சுற்றில் நான் முதலாவதாக வருவேன். மாலையில் ஐந்தாவது நாற்காலியில் உட்காருவேன். உன்னை ஜெயிக்கத்தான் உட்காருகிறேன், வாழ்த்துவதற்கு இல்லை.

ஆடுகிறவர்களின் கைகளை அங்கே பெரிய திரையில் காட்டுவார்களாம். ஒன்பதாவது தளத்தில் அந்த மூலை வரும்போது நீ உன் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரையைப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். பார். இந்தத் தடவை விரலை மூடிக்கொள்ளமாட்டேன்.

அக்கா